செப்டிக் டேங்கின் மறந்துபோன பாதி

எங்க வீடு கட்டி அப்போ பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் செப்டிக் டேங்க் மூடியை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. அதைப் பெருமையாவே சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். "எட்டடிக்கு அஞ்சடி, ஆறடி ஆழம். ஆயுசுக்கும் தொறக்க வேண்டியதில்லீங்க"ன்னு கட்டின மேஸ்திரி சொன்னார். அதை அப்படியே வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஒப்பிச்சேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பொடக்காலியில தண்ணி எதுக்களிச்சு நின்னுது. கக்கூஸ்லயும் இறங்கலை. டவுனுக்குப் போன் பண்ணி கழிவுநீர் லாரியை வரச் சொன்னேன். டிரைவர் ஒருத்தர், கூட ஒரு பையன். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். குழாயை விட்டு உறிஞ்சினாங்க. அரைமணி நேரத்துல தண்ணியெல்லாம் போயிருச்சு. ஆனா அடியில ரெண்டடி உசரத்துக்குக் கருப்பா, களிமண்ணு மாதிரி கெட்டியா நின்னுபோச்சு. குழாய் அதை இழுக்க மாட்டேங்குது.

அந்தப் பையன் சட்டையைக் கழட்டி லாரியோட சைடு கண்ணாடியில மாட்டினான். "அண்ணா, உள்ள எறங்கி மம்பட்டியில கலக்கி வுட்டாப் போதும், இழுத்துரும். ஐநூறு ரூவா சேத்துக் குடுங்க."

இதை எழுதக் கூச்சமா இருக்கு. என் வாயில வந்த முதல் வார்த்தை "வேண்டாம்" இல்லை. "எவ்வளவு நேரம் ஆகும்?"னுதான் கேட்டேன்.

பின்னாடி நின்ன என் வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க: "இறங்க வேண்டாங்க தம்பி. சட்டையப் போடுங்க."

அப்புறம் கிணத்து மோட்டாரைப் போட்டு, ஓசுல தண்ணி பீச்சி, நீள மூங்கில்ல மேலிருந்தே கலக்கி, ரெண்டு மணி நேரம் கூடுதலாப் போராடித்தான் எடுத்தாங்க. கிணத்துல ஆள் எறங்கறதுக்கு முந்தி விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கறது எங்க அப்பாரு காலத்துப் பழக்கம். விளக்கு அணைஞ்சா யாரும் எறங்க மாட்டாங்க. செப்டிக் டேங்குக்கு அந்த விளக்குகூட ஆகாது. உள்ள இருக்கற மீத்தேன் பத்திக்கும். கூடவே இருக்கற ஹைட்ரஜன் சல்பைடை விளக்கு காட்டிக் குடுக்காது. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடிட்டா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. தெரியாமலே ஆள் விழுந்துருவான். ஒருத்தனைத் தூக்க இன்னொருத்தன் எறங்குவான், அவனும் விழுவான். பேப்பர்ல வர்ற செய்தி எல்லாம் இப்படித்தானே இருக்கு?

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. மனுஷன் கை படாம இருக்கறதுக்காக வந்ததுதானே இந்த டேங்க்? அதுக்குள்ள மனுஷன் ஏன் எறங்க வேண்டியிருக்கு? இதைத் தெரிஞ்சுக்கத்தான் படிக்க ஆரம்பிச்சேன். மழைக்காலத்து ராத்திரிகள்ல கொஞ்சம் கொஞ்சமா சேர்த்ததை இங்க எழுதி வைக்கறேன். டவுன்ல இருக்கற உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல எங்க ஊர்க் கதை. அப்பாரு காலத்துல எங்க ஊருக்குள்ள கக்கூஸே கிடையாது. எல்லாரும் காட்டுக்குத்தான் போவாங்க. குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் பொடக்காலி வழியா வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போயிரும். மண்ணு குடிச்சுக்கும். ஆளுக்கு ரெண்டு குடம் தண்ணி செலவு பண்ணின காலத்துல அது போதுமானதா இருந்தது.

டவுன் கதை வேற. அங்க எடுப்புக் கக்கூஸ் இருந்தது. வீட்டுப் பின்பக்கச் சந்து வழியா விடிகாலையில வந்து, வாளியில அள்ளி, தலையில சுமந்துட்டுப் போனவங்க இருந்தாங்க. இன்ன சாதியில பொறந்தவங்கதான் அதைச் செய்யணும்னு ஒரு ஏற்பாட்டையும் நம்ம ஊர் பண்ணி வச்சிருந்தது. அதைச் சட்டம் போட்டுத் தடுக்கறதுக்கே 1993 ஆயிருச்சு. அந்த எடுப்புக் கக்கூஸுக்கு மாற்றா வந்த பல வழிகள்ல ஒண்ணுதான் செப்டிக் டேங்க். அதனால அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். வந்தப்போ அது ஒரு விடுதலை.

அது பொறந்தது பிரான்ஸ் தேசத்துல. வெசூல்னு ஒரு சின்ன டவுன். அங்க ழான் லூயி மூராஸ்னு ஒருத்தர் 1860 வாக்குல வீட்டுக் கழிவுக்கு ஒரு தொட்டி கட்டினார். அந்தக் காலத்துல அங்கயும் வீட்டுக்கடியில குழிதான். நிரம்பினா ராத்திரியில ஆளுங்க வந்து அள்ளணும். மூராஸ் கட்டின தொட்டியில ஒரு சின்ன வித்தியாசம். தண்ணி உள்ள வர்ற குழாயும் வெளிய போற குழாயும் தண்ணி மட்டத்துக்குக் கீழ முங்கியிருந்தது. காத்து உள்ள போகாது. மேல மிதக்கற ஆடையும் வெளிய வராது. ஒரு வாளி உள்ள போனா, ஒரு வாளி வெளிய வரும். அவ்வளவுதான் அமைப்பு.

சுமார் பன்னெண்டு வருஷம் கழிச்சுத் திறந்து பார்த்தாங்க. நிரம்பி வழியும்னு நினைச்ச தொட்டியில பெரும்பாலும் தண்ணிதான் இருந்தது. அடியில கசடு கொஞ்சந்தான். அதிசயிச்சுப் போயிட்டாங்க. அறிவியல் பத்திரிகை நடத்தின மொய்ன்யோன்னு ஒரு பாதிரியார் இதைப் பிரபலப்படுத்தினார். 1881ல மூராஸ் பேருக்குப் பேட்டண்டும் கிடைச்சது. திடமா உள்ள போறதெல்லாம் தானாவே கரைஞ்சு தண்ணியாப் போயிரும்னு எழுதினாங்க. காத்தில்லாம வாழற கிருமிகளோட வேலையா இருக்கலாம்னு அப்பவே ஊகிச்சும் இருந்தாங்க.

ஊகம் சரிதான். ஆனா "தானாவே கரைஞ்சுடும், அள்ளவே வேண்டாம்"ங்கற ஆசை இருக்கே, அது முழுசும் நிஜமில்லை. கிருமி தின்னது போக மிச்சம் அடியில சேர்ந்துட்டேதான் இருக்கும். எங்க மேஸ்திரி சொன்ன "ஆயுசுக்கும் தொறக்க வேண்டியதில்லீங்க"க்கு வயசு நூத்துச் சொச்சம் வருஷம்னு படிச்சப்பத்தான் தெரிஞ்சுது.

இப்ப கடலைத் தாண்டி அமெரிக்கா போகணும். ஏன்னா கதையோட இன்னொரு பாதி அங்கதான் தெளிவாச்சு. மாசசூசெட்ஸ் மாநிலத்துல லாரன்ஸ்னு ஒரு ஊர், மில்லு டவுன். 1887ல அந்த மாநிலச் சுகாதார வாரியம் அங்க ஒரு சோதனை நிலையம் தொடங்குச்சு. பெரிய பெரிய தொட்டிகள்ல மண்ணு, மணல், கூழாங்கல்லு எல்லாம் நிரப்பி, சாக்கடைத் தண்ணியை விட்டு விட்டுப் பாய்ச்சிப் பார்த்தாங்க.

மணல் வடிகட்டறதுல ஆச்சரியம் இல்லை. காப்பியை வடிகட்டற மாதிரிதானேன்னு நாம நினைப்போம். ஆனா கல்லு பெருசா, இடைவெளி பெருசா இருந்த தொட்டியிலயும் தண்ணி சுத்தமாச்சு. அந்தச் சந்துல எந்த அழுக்கும் தடையில்லாம நுழைஞ்சு போயிரும். அப்புறம் எப்படிச் சுத்தமாச்சு? கல்லு மேல வழவழன்னு ஒரு படலம் படிஞ்சிருந்தது. அது பூராவும் கிருமி. தண்ணி அந்தப் படலத்தை உரசிட்டு மெதுவா நகரும்போது, தண்ணியில கரைஞ்சிருக்கற அழுக்கைக் கிருமி தின்னுடுது. கல்லு வடிகட்டறது இல்லை, கிருமிக்குக் குடியிருக்க வீடு கொடுக்குது. ஃபில்டர்னு பேரு வச்சதே தப்புன்னு எனக்குத் தோணுது. எங்க பாஷையில அது ஒரு பட்டி. ஆட்டுக்குப் பட்டி போடற மாதிரி கிருமிக்குப் போட்ட பட்டி.

இந்த ரெண்டு பாதியையும் சேர்த்தவர் இங்கிலாந்துல எக்ஸிடர் நகரத்துச் சர்வேயர் டொனால்டு கேமரன். 1895ல அவர் நகரத்தோட ஒரு பகுதிச் சாக்கடைக்கு மூடின தொட்டி ஒண்ணு கட்டினார். அதுக்கு அவர் வச்ச பேருதான் 'செப்டிக் டேங்க்'. செப்டிக்னா கிரேக்கத்துல அழுகறதுன்னு அர்த்தம். 'அழுகல் தொட்டி'ன்னு தமிழ்ல சொல்லியிருந்தா ஒருத்தரும் வீட்டுல கட்டியிருக்க மாட்டாங்க! அதுல வர்ற வாயுவைப் பிடிச்சு அங்கேயே விளக்கும் எரிச்சுக் காட்டினார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து படிச்ச இடம் இதுதான்: எக்ஸிடர்ல தொட்டியோட வேலை முடியலை. தொட்டியில இருந்து வந்த தண்ணி அடுத்தாப்புல ஃபில்டர் படுகைகளுக்குப் போச்சு. ஒரு படுகை நிரம்பும், இன்னொண்ணு ஓய்வெடுத்துக் காத்து வாங்கும். அப்புறம்தான் தண்ணி வெளிய. அதாவது அந்தப் பேரோட பொறந்த முதல் செப்டிக் டேங்கே ஃபில்டரோடதான் பொறந்தது. தொட்டி முதல் பாதி, ஃபில்டர் ரெண்டாவது பாதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் அது முழு வேலை.

கேமரனோட பேட்டண்டை வச்சுக் கம்பெனிக்காரங்க அமெரிக்காவுல நகராட்சிகள் மேல வழக்குப் போட்டாங்க. அழுகறதுக்கே உரிமைப் பணம் கேட்ட மாதிரி! நாக்ஸ்வில் நகரத்து மேல போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. அந்தப் பேட்டண்டோட காலம் முடிஞ்சுபோச்சுன்னு 1913ல தீர்ப்பாச்சு.

நம்ம தேசத்துக்கும் இது சீக்கிரமே வந்துருச்சு. பம்பாய் மாட்டுங்காவுல தொழுநோயாளிகளுக்கான விடுதி ஒண்ணு இருந்தது. அங்க கழிவுத் தொட்டியில வர்ற வாயுவைப் பிடிச்சு 1897லயே இஞ்சின் ஓட்டியிருக்காங்க. சாண எரிவாயு பத்தி எழுதறவங்க இன்னைக்கும் இதைக் குறிப்பிடுவாங்க. ஊரே ஒதுக்கி வச்ச மனுஷங்க இருந்த இடத்துல இந்த வேலை நடந்ததுங்கறதை நான் ரொம்ப நேரம் நினைச்சுட்டிருந்தேன்.

சரி, அப்போ அந்த ரெண்டாவது பாதி நம்மகிட்ட எங்க தொலைஞ்சுது?

சட்டத்துல தொலையலை. இந்தியத் தர நிர்ணயத்துல ஐ.எஸ். 2470னு ஒண்ணு இருக்கு. 1960கள்லயே வந்து, 1985ல திருத்தினது. அது ரெண்டு பாகம். முதல் பாகம் தொட்டியைப் பத்தி. அகலம் குறைஞ்சது 75 சென்டிமீட்டர், தண்ணி ஆழம் குறைஞ்சது ஒரு மீட்டர், கொள்ளளவு குறைஞ்சது 1000 லிட்டர். நீளம் அகலத்தைப் போல ரெண்டுல இருந்து நாலு மடங்கு. 2000 லிட்டருக்கு மேல போனா நடுவுல தடுப்புச் சுவர் வச்சு ரெண்டு அறையாக்கணும். முதல் அறை மூணுல ரெண்டு பங்கு. அஞ்சு பேர் வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம் போதும். எங்க வீட்டு எட்டடி அஞ்சடிப் பெருமை எல்லாம் வெட்டிப் பெருமை.

ரெண்டாவது பாகம் முழுக்க, தொட்டியில இருந்து வெளிய வர்ற தண்ணியை என்ன பண்றதுங்கறதைப் பத்தி. உறிஞ்சுகுழி, மண்ணுக்குள்ள பரவ விடற வாய்க்கால், ஃபில்டர் எல்லாம் அதுல இருக்கு. உறிஞ்சுகுழி குடிதண்ணிக் கிணத்துல இருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்கணும்னும் இருக்கு. ஆக, நம்ம சர்க்காரும் இதை ரெண்டு பாதியாத்தான் எழுதி வச்சிருக்கு. கட்டறவங்கதான் முதல் பாகத்தோட நின்னுட்டோம். அதுலயும் தடுப்புச் சுவரை விட்டுட்டோம்.

தொட்டி மட்டும் இருந்தா என்ன நடக்குதுன்னு சொல்றேன். கனமானது அடியில படியும். எண்ணெய், கொழுப்பு மேல ஆடையா மிதக்கும். நடுவுல இருக்கற தண்ணி வெளிய போகும். பார்க்கத் தெளிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா தெளியலை. கரிம அழுக்குல 30, 40 சதவீதம்தான் தொட்டிக்குள்ள குறையுது. மிச்சம் அப்படியே வெளிய போகுது. நோய்க்கிருமியும் போகுது. எங்க ஊர்ல அது தெருச் சாக்கடைக்குப் போய், அங்கிருந்து பள்ளத்துக்குப் போகுது. இல்லைன்னா அடித்தளம் போடாம விட்ட தொட்டி வழியா மண்ணுக்குள்ள எறங்குது. "பூமி குடிச்சுக்கும்"னு மேஸ்திரிங்க சொல்லுவாங்க. நல்ல கனமான மண்ணா இருந்தா குடிக்கும், வடிகட்டும். எங்க கொங்குப் பக்கம் நாலடி தோண்டினா பாறை. பாறை இடுக்கு வழியா ஓடற தண்ணி எதையும் வடிகட்டாது. நேரா கிணத்துக்குத்தான் வரும். எங்க டேங்குக்கும் கிணத்துக்கும் நாப்பதடிதான். அறுபதடி இருந்திருக்கணும். அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் எங்க வீட்டுல எல்லாரும் குடிச்சோம், பக்கத்து வீட்டுக்காரங்களும் குடிச்சாங்க.

இப்ப இங்க பலபேர் வீட்டுல அந்தத் தொட்டியும் இல்லை. நாலஞ்சு சிமெண்ட் உறையை ஒண்ணு மேல ஒண்ணா இறக்கி, மேல மூடி போட்டு, அதையும் செப்டிக் டேங்க்னு சொல்றாங்க. அது குழி. நல்ல மண்ணு இருக்கற இடத்துல, ரெண்டு குழி வெட்டி மாத்தி மாத்திப் பயன்படுத்தினா அது நல்ல முறைதான். ஒரு குழி மூடிக் கிடக்கறப்போ உள்ள இருக்கறது மக்கி எருவாயிரும். ஒத்தைக் குழி வெட்டி, பாறை மேல உட்கார வச்சா அது கிணத்துக்கு வழி வெட்டின மாதிரி.

ஃபில்டருக்கு வருவோம். எக்ஸிடர் மாதிரி படுகை கட்டி மாத்தி மாத்தி ஓய்வு கொடுக்கறது ஒரு வீட்டுக்கு முடியாது. அதுக்கு ஒரு வழியை நம்ம ஆளுங்களே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. நாக்பூர்ல 1958ல தொடங்கின மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம், 1974ல 'நீரி'ன்னு பேர் மாறுச்சு. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல யங், மெக்கார்ட்டின்னு ரெண்டு பேர் 1969ல காத்தில்லா ஃபில்டர் பத்தி எழுதின கையோட, நாக்பூர்க்காரங்க அதே எண்ணத்தைச் செப்டிக் டேங்க் தண்ணிக்கு வச்சுப் பார்த்து 1972ல வெளியிட்டாங்க. தண்ணி ஜல்லிக்கு மேலிருந்து கீழ வராது. கீழ நுழைஞ்சு மேல ஏறும். ஜல்லி எப்பவும் தண்ணிக்குள்ளயே முங்கிக் கிடக்கும். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஏறும்போது கனமான துகள் தன் பாரத்துலயே கீழ விழுந்துரும், அதனால ஜல்லி சீக்கிரம் அடைக்காது. மிச்சத்தைக் கல்லு மேல குடியிருக்கற கிருமி பார்த்துக்கும். தொட்டியும் இந்த ஃபில்டரும் சேர்ந்தா, சரியாக் கட்டினா, கரிம அழுக்குல பெரும்பகுதி போயிரும். நான் படிச்ச கையேடுகள்ல 50ல இருந்து 80 சதவீதம்னு போட்டிருக்கு.

ஜப்பான்காரங்க இதை ஒரு படி மேல கொண்டுபோய் 'ஜோக்காசோ'ன்னு வீட்டுக்கு வீடு புதைக்கறாங்க. அதுல காத்தில்லாத அறை, காத்து ஊதற அறைன்னு ரெண்டும் உண்டு. எனக்குப் பிடிச்சது தொட்டி இல்லை, சட்டம். 1983ல ஜோக்காசோவுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கசடு எடுக்கணும், சோதனை பண்ணணும்னு அதுல இருக்கு. கக்கூஸ் தண்ணியை மட்டும் சுத்தம் பண்ணிட்டு சமையல், குளியல் தண்ணியை அப்படியே விடற பழைய வகையைப் புதுசா வைக்கக் கூடாதுன்னு 2001ல நிறுத்திட்டாங்க. "தொறக்கவே வேண்டாம்"னு நாம பெருமைப்படறோம். "வருஷா வருஷம் தொற"ன்னு அவங்க சட்டம் போடறாங்க.

இதெல்லாம் படிச்சப்புறம் எங்க வீட்டுல என்ன பண்ணினேன்னு சொல்றேன். பழைய தொட்டி காலியா இருந்தப்பவே, மூடியைப் பூராவும் பெயர்த்து எடுத்து, பல நாள் காத்தாட விட்டு, கழுவி, அதுக்கப்புறம்தான் கொத்தனார் வேலை தொடங்குச்சு. அடித்தளம் போட்டு உள்பக்கம் பூசினோம். மூணுல ரெண்டு பங்கு தூரத்துல தடுப்புச் சுவர் வச்சோம். தண்ணி நடுமட்டத்துல இருந்து அடுத்த அறைக்குப் போற மாதிரி அதுல வழி விட்டோம். கிணத்துக்கு எதிர்ப்பக்கமா, நாலடிக்கு நாலடியில புது அறை ஒண்ணு. தண்ணி குழாய் வழியா அதோட அடிக்கு எறங்கும். அடியிலிருந்து ஒன்றரை அடி உசரத்துல துளை போட்ட பலகைக்கல். அதுக்கு மேல மூணடிக்கு ஜல்லி. கீழ ஒன்றரை ஜல்லி, மேல முக்கா ஜல்லி. ஜல்லிக்கு மேல ஒரு அடி தண்ணி நிக்கற மாதிரி வெளிக்குழாய்.

கணக்கு ரொம்பச் சுலபம். நாலு, நாலு, மூணு - 48 கன அடி, கிட்டத்தட்ட 1360 லிட்டர். அதுல ஜல்லி போக இடைவெளி நாப்பது சதவீதம்னு வச்சா 540 லிட்டர் தண்ணி நிக்கும். நாங்க அஞ்சு பேர். ஆளுக்கு நூறு லிட்டர்னா 500 லிட்டர். அப்போ தண்ணி ஏறக்குறைய ஒரு நாள் ஜல்லிக்குள்ள தங்கிட்டுப் போகும். கிருமி சாப்பிட அந்த நேரம் வேணும்.

முக்கியமான விஷயம் ஒண்ணு பண்ணினோம். தொட்டியோட ரெண்டு அறைக்கும், ஃபில்டர் அறைக்கும் ஆறு இஞ்ச் குழாயை அடி வரைக்கும் நிறுத்தி, மேல மூடி போட்டோம். லாரிக் குழாய் அதுக்குள்ள நேரா எறங்கி அடிக்கசடை உறிஞ்சும். மூடிப் பலகையைப் பெயர்க்கவே வேண்டியதில்லை. கொத்தனார் சிரிச்சார். "இதுக்கா இவ்வளவு குழாய் செலவு?"ன்னு கேட்டார். எல்லாம் சேர்த்து நாப்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. எங்க வீட்டு டைல்ஸ் செலவு அதைவிட அதிகம்.

முதல் மூணு மாசம் வெளிய வந்த தண்ணி கருப்பாத்தான் இருந்தது. நாத்தமும் அடிச்சுது. காசு வீணோன்னு நினைச்சேன். கிருமி குடியேறி நிலைக்க ஆறேழு மாசம் ஆகும்னு படிச்சிருந்ததால பொறுத்துக்கிட்டேன். தயிருக்கு உறை ஊத்தற மாதிரி, பக்கத்து ஊர்ல நல்லா ஓடற ஒரு தொட்டியில இருந்து ஒரு குடம் கசடும் கொண்டுவந்து ஊத்தினேன். பாட்டில்ல பிடிச்சுப் பார்க்கறப்போ ஏழாவது மாசம் லேசான மஞ்சளா, அந்தப் பக்கம் தெரியற மாதிரி வந்தது. இப்ப அது கல்வாழைப் பாத்தி வழியா ஓடி, ரெண்டு தென்னைக்கும் ஒரு வாழைக் கட்டைக்கும் போகுது.

அதிகமாச் சொல்லவும் கூடாது. இது குடிக்கற தண்ணி இல்லை, குளிக்கற தண்ணியும் இல்லை. நோய்க்கிருமி எல்லாம் இதுல சாகறது இல்லை. தக்காளி, கொத்தமல்லி, கீரைக்கு விட மாட்டேன். கக்கூஸ்ல ஆசிட் ஊத்தறதை நிறுத்திட்டோம். ஊத்தினா ஜல்லியில இருக்கறதும் செத்துரும். சமையலறை எண்ணெய் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி தனியா வச்சோம். குடிக்கறதுக்குக் கிணத்துத் தண்ணியை இன்னமும் காய்ச்சித்தான் குடிக்கறோம். பதினாறு வருஷம் எறங்கினது ஒரு வருஷத்துல போயிருமா என்ன?

இப்ப டவுன்ல இருக்கற உங்களுக்கு. பாதாளச் சாக்கடை இல்லாத புறநகர்ல நீங்க வீடு வாங்கியிருந்தா, உங்க வீட்டுக்கும் இதே லாரிதான் வரும். உறிஞ்சிட்டு அது எங்க போகுதுன்னு கேட்டிருக்கீங்களா? சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகணும். தமிழ்நாட்டுல இதுக்கு 2014ல வழிகாட்டு நெறிமுறை வந்துச்சு. மலக்கசடுக்குன்னே தனி நிலையம் 2017ல கருங்குழியில வந்துச்சு, அப்புறம் வேற ஊர்கள்லயும் வந்துருக்கு. ஆனா நிலையம் தூரம், டீசல் விலை ஜாஸ்தி. அதனால ராத்திரி பதினோரு மணிக்கு மேல எங்க ஊர்ப் பள்ளத்தோரம் லாரி நிக்கற சத்தம் எனக்குக் கேக்கும். காட்டுக்கு எருவாகும்னு வரச் சொல்ற விவசாயியும் இருக்கான், அதையும் மறைக்கக் கூடாது. மக்க வைக்காம பச்சையாக் கொட்டினா அது எரு இல்லை.

கசடைக் கெட்டியாக விடாம ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா லாரி மட்டும் போதும், ஆள் வேண்டாம். நாள் தள்ளத் தள்ளத்தான் அது களிமண்ணாகி, மம்பட்டியோட ஒருத்தன் தேவைப்படுது. பதினாறு வருஷம் நான் மிச்சம் பிடிச்ச லாரி வாடகையை ஐநூறு ரூபாய்க்கு அந்தப் பையன் தலையில கட்டப் பார்த்தேன், அவ்வளவுதான் விஷயம். ஆளை இறக்கறது 2013ல வந்த சட்டப்படி குற்றம். டேங்குல செத்தவங்க குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கணும்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2023ல அதை முப்பது லட்சமாக்குச்சு. அப்பவும் செய்தி வந்துட்டேதான் இருக்கு.

ஃபில்டர் கட்டினப்புறம் லாரி ஒரு தடவை வந்துட்டுப் போச்சு. குழாயை மூணு மூடியிலயும் மாத்தி மாத்தி விட்டாங்க, நாப்பது நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. ஃபில்டர் அடியிலயும் கொஞ்சம் உறிஞ்சி, மேலிருந்து தண்ணி விட்டு அலசினோம். வேற ஒரு பையன் வந்திருந்தான். டீ குடிக்கறப்போ டிரைவர்கிட்ட பழைய பையனைப் பத்திக் கேட்டேன்.

"அவன் வேலைய விட்டுப் போயி ரொம்ப நாளாச்சுங்க. எங்க இருக்கான்னு தெரியலீங்க"ன்னார்.

பேரைக்கூட அன்னைக்கு நான் கேட்டு வைக்கலை.